முன்வரிசை நாற்காலி

நாடகக் கொட்டகை, தோழரே! மேலே கீற்று, கீழே மணல், மேடையிலே பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். திரைக்குப் பின்னே அரச வேடக்காரர் மீசை ஒட்டிக்கொண்டிருக்கிறார். திரைக்கு முன்னே ஆயிரம் பேர் அமர்ந்திருக்கின்றனர். அந்த ஆயிரம் பேருக்கும் முன்னால், தனியாக ஒரு நாற்காலி. அதிலே வீற்றிருப்பவர் நாடகம் பார்க்க வந்தவரல்லர். நாடகத்தைப் பிடிக்க வந்தவர்! மடியிலே நாடகப் பிரதி, கையிலே பென்சில். எழுதிக் கொடுத்ததற்கு மேலே நடிகர் ஒரு வார்த்தை பேசிவிட்டால் பிரதியிலே ஒரு கோடு. கோடுகள் கூடினால் ஒரு வழக்கு. வழக்கு வந்தால் கொட்டகைக்குப் பூட்டு!

நமது இயக்கத்து முதியவர்கள் இக்காட்சியை விவரித்திடக் கேட்டிருக்கிறேன். அவர்கள் குரலிலே கோபம் இராது, குறும்பு இருக்கும். "நாற்காலிக்காரரும் மனிதர்தானே! சில இடங்களில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துவிடுவார்" என்பார்கள். நாடகம் எழுதும் நான் அந்த நாற்காலியை நேரிலே கண்டதில்லை. எனினும் அதன் வரலாற்றைத் தேடிப் படித்திருக்கிறேன்.

1876ஆம் ஆண்டு வெள்ளைத் துரைத்தனம் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. வங்காளத்து மேடைகளிலே ஆள்வோரை நையாண்டி செய்தனர் நாடகக்காரர்கள், பொறுக்கவில்லை ஆள்வோருக்கு. அவதூறைத் தடுத்திட, ஒழுக்கத்தைக் காத்திட, அரசின்மீது வெறுப்பு மூளாது பார்த்திடச் சட்டம் என்றனர். 1947இல் வெள்ளையர் கப்பலேறினர், சட்டம் கப்பலேறவில்லை! 1954இல், எம்.ஆர்.ராதாவின் இராமாயண நாடகம் ஊர் ஊராகப் புயல் கிளப்பிய நாட்களில், சென்னையை ஆண்ட காங்கிரசு தன் பங்குக்குப் புதிதாக ஒரு நாடகச் சட்டம் இயற்றிற்று. அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாதென்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது எப்போது தெரியுமா, தோழரே? 2013இல்! வழக்குத் தொடுத்தவர் எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி.

இடைப்பட்டவை 59 ஆண்டுகள். அவற்றிலே 1967க்குப் பிற்பட்ட ஆண்டுகள் அனைத்தும், குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்த இடைவெளிகள் நீங்கலாக, திராவிட இயக்கத்தின் பெயர் சொல்லி ஆண்டவர்களின் ஆண்டுகள். எந்த மேடையை ஒடுக்கிட அச்சட்டம் பிறந்ததோ, அந்த மேடையிலிருந்து கோட்டைக்குச் சென்றவர்கள் அதைக் குழிதோண்டிப் புதைத்திருக்க வேண்டாமா? புதைக்கவில்லை. நம்மீது பாய்ந்தபோது கொடுமை என்றோம். நம் கைக்கு வந்தபோது இருந்துவிட்டுப் போகட்டும் என்றோம். இந்தப் பாடத்தை மனத்திலே இருத்திக்கொண்டு மேலே படித்திட வேண்டுகிறேன்.

இன்று கொட்டகை உள்ளங்கையிலே இருக்கிறது. முகநூல், எக்ஸ், யூடியூப், வாட்ஸ்அப் – மேடைக்கு மேடை கோடிக்கணக்கான பார்வையாளர். அங்கே முன்வரிசை நாற்காலி இல்லை என்று எண்ணுகிறீர்களா? இருக்கிறது, கண்ணுக்குப் புலப்படாது இருக்கிறது! நேற்றுவரை இருந்த கணக்கு இன்று காலை இல்லை. "சட்டப்படியான கோரிக்கையின் பேரில் இந்தியாவில் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரி மட்டும் மிஞ்சுகிறது. கோரியவர் யார்? எந்தச் சொல் குற்றம்? எவரிடம் முறையிடுவது? பதில் இல்லை!

இந்த நாற்காலியின் பெயர் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவு. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக எந்தப் பதிவையும் மறைத்திடச் சொல்லி நடுவண் அரசு ஆணையிடலாம். கீழ்ப்படியாத நிறுவனத்தாருக்கு 7 ஆண்டு வரை சிறை. நாட்டைக் காத்திட ஓர் அதிகாரம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும். ஆனால் 2009இல் வகுக்கப்பட்ட விதிகளிலே 16ஆம் விதி ஒன்று உண்டு: புகாரும் நடவடிக்கையும் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பது அது. திருடனைப் பிடிக்கும் காவலர் முகமூடி அணிவானேன்?

1950ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். 'பொன்மொழிகள்' நூலுக்காகப் பெரியாருக்கும், 'ஆரிய மாயை' நூலுக்காக அண்ணாவுக்கும் தண்டனை விதிக்கப்பட்டது. இருவரும் சிறை புகுந்தனர். அது அநீதி. ஆயினும் அந்த அநீதிக்கு ஒரு முகம் இருந்தது! இன்ன நூல், இன்ன சட்டம், இன்ன நீதிபதி, இன்ன தண்டனை என்று ஊரறிய உரைக்கப்பட்டது. ஊரறிந்ததால் ஊர் கொதித்தது. இன்றைய ஆணைக்கு முகம் இல்லை. எழுதியவனுக்கே தெரியாமல் எழுத்தைக் கொன்றுவிட்டால், கொதித்திட எவர் வருவர்?

சரி, மறுபக்கத்தையும் பேசிடுவோம். ஒரு கூட்டம் முடிந்த இரவு, தேநீர்க் கடையிலே கிளைச் செயலாளர் ஒருவர் – என்னைவிட இருபது வயது மூத்தவர் – தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். நமது தலைவர் சொல்லாத சொல்லை, அவர் குரலிலேயே சொல்வதாகச் செய்யப்பட்ட ஒரு காணொளி அதிலே ஓடிற்று.

"தம்பி, இதுக்கும் கருத்துரிமைன்னுதான் பேர் வைக்கப் போறீங்களா?"

"பொய் அண்ணே. வழக்குப் போடணும்."

"வழக்குப் போட்டுத் தீர்ப்பு வர்றதுக்குள்ள தேர்தலே முடிஞ்சிடும். அதிகாரி ஒருத்தர் ஒரு உத்தரவு போட்டு அழிச்சா என்ன தப்பு?"

"அதே அதிகாரி நாளைக்கு நம்ம பேச்சையும் அழிச்சா?"

"அப்போ பொய்யனை ஆட விட்டுட்டு நாம பார்த்துக்கிட்டே இருக்கணுமா?"

கடைசிக் கேள்விக்கு அன்றிரவு என்னிடம் பதில் இல்லை. தேநீருக்கு அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார். அவருக்குத் தரவேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் கேள்வி நியாயமானது. 2023 மார்ச்சில் என்ன நடந்தது? தமிழ்நாட்டிலே பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகின்றனர், கொல்லப்படுகின்றனர் என்று வடபுலமெங்கும் காணொளிகள் பறந்தன. எங்கோ, எதற்கோ எடுத்த படங்கள்! திருப்பூரிலே தறியும் தையலுமாக உழைத்துக்கொண்டிருந்தவர்கள் அஞ்சி நடுங்கினர். இரயில் நிலையங்களிலே கூட்டம் கூடிற்று. பீகார் சட்டமன்றத்திலே அமளி. ஒரு பொய், இரண்டு மாநிலத்து உழைப்பாளரை ஒருவர்மீது ஒருவர் ஏவிவிடப் பார்த்தது. கடல் கடந்தும் பார்த்திடுக. மியான்மரில் ரோகிங்கியா மக்களுக்கு எதிரான வெறுப்பு முகநூலிலே வெள்ளமெனப் பாய்ந்தபோது, பர்மிய மொழி அறிந்து பதிவுகளைச் சலித்திட அந்த நிறுவனத்திடம் போதிய ஆள் இல்லை. வன்முறையைத் தூண்டிடத் தன் தளம் பயன்பட்டதைத் தடுக்கத் தவறியதாக 2018இல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதே 2018 மார்ச்சில் இலங்கையின் கண்டி மாவட்டத்திலே முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அங்கும் வெறுப்புப் பதிவுகள் முன்னோடின. அதற்காக 2020இல் அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. வீடு எரிந்தது 2018இல். வருத்தம் வந்தது 2020இல்!

ஆகவே, "நிறுவனத்தார் பார்த்துக்கொள்வர், அரசு விலகி நிற்கட்டும்" என்போர் கட்சியிலே நான் இல்லை. கொட்டகை முதலாளிக்கு வேண்டியது டிக்கெட் வசூல். சண்டைக் காட்சிக்குக் கூட்டம் சேருமானால் சண்டையையே போட்டுக்கொண்டிருப்பார். கலிபோர்னியாவிலே அமர்ந்திருக்கும் முதலாளியை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. நம்மால் இறக்கவும் இயலாது. அவருக்குச் சட்டம் வேண்டும், தண்டம் வேண்டும்.

என் வழக்கு இதுதான்: முதலாளியைக் கட்டுப்படுத்திடும் சட்டம் வேறு; முதலாளியின் கையைப் பிடித்து எதிரியின் வாயைப் பொத்திடும் சட்டம் வேறு. டில்லி முதலாவதைச் சொல்லி இரண்டாவதைச் செய்துகொண்டிருக்கிறது.

சான்று கூறுகிறேன். 2021 தொடக்கத்தில் டில்லி எல்லையிலே குளிரையும் பொருட்படுத்தாது உழவர்கள் அமர்ந்திருந்தனர். அப்போது முதலில் 257, பின்னர் 1,178 என்று கணக்குகளையும் பதிவுகளையும் முடக்கச் சொல்லி டுவிட்டர் நிறுவனத்துக்கு ஆணைகள் பறந்தன. அவற்றிலே விசமிகளின் கணக்குகளும் இருந்திருக்கலாம். ஆனால் 'கேரவன்' இதழின் கணக்கும், உழவர் போராட்டத்தின் குரலாக விளங்கிய கணக்கும் சேர்ந்து முடங்கினவே! அதே மாதம், பிப்ரவரி 25 அன்று, புதிய விதிகள் வந்தன: அரசோ நீதிமன்றமோ சொன்னால் 36 மணி நேரத்துக்குள் நீக்கிட வேண்டும் என்று கெடு. பின்னர் முடக்க ஆணைகளை எதிர்த்து டுவிட்டர் கர்நாடக உயர்நீதிமன்றம் ஏறிற்று. 2023 ஜூனில் வழக்குத் தள்ளுபடி ஆயிற்று, 50 இலட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதிக்கப்பட்டது. கோடீசுவர நிறுவனத்துக்கே இக்கதியென்றால், குக்கிராமத்துத் தோழன் எந்த வாயிற்படியில் ஏறுவான்?

2023 ஏப்ரலில் இன்னொரு படி மேலே சென்றனர். நடுவண் அரசின் செயல்பாடு பற்றி எது பொய், எது திரிபு என்று அந்த அரசே நியமித்திடும் குழு தீர்மானித்திடுமாம்! வாதியும் அவரே, வழக்கறிஞரும் அவரே, நீதிபதியும் அவரே! மேடையிலே நகைச்சுவை பேசிடும் குணால் கம்ரா முதலியோர் மும்பை உயர்நீதிமன்றத்திலே வழக்குத் தொடுத்தனர். 2024 சனவரியில் இரு நீதிபதிகளும் மாறுபட்டுத் தீர்ப்புரைத்தனர். மூன்றாவது நீதிபதி 2024 செப்டம்பரில் அவ்விதி செல்லாதென்றார். ஒரு நகைச்சுவைக்காரர் வழக்காடி நமக்கெல்லாம் மூச்சுவிட இடம் பெற்றுத் தந்தார்.

இன்னும் அருகே வருவோம், நமது சென்னைக்கு. 2025 பிப்ரவரியில் அமெரிக்கா, நம் நாட்டவரைக் கையிலும் காலிலும் விலங்கிட்டு இராணுவ விமானத்திலே திருப்பியனுப்பியது. அமெரிக்க அதிபருக்கு அருகிலே பிரதமர் விலங்குடன் அமர்ந்திருப்பதாக ஒரு கேலிச்சித்திரம் வெளியிட்டது விகடனின் இணைய இதழ். சில நாட்களில் விகடன் இணையதளமே முடங்கிற்று! ஒரு படத்துக்காக, பல்லாண்டுக் காலத்து எழுத்து முழுவதும் மறைந்தது. முடங்கியபோது தனக்கு முறையான அறிவிப்பு ஏதும் வரவில்லை என்றது விகடன். படத்தைத் தற்காலிகமாக நீக்கிட வேண்டும், தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று மார்ச் 6 அன்று சென்னை உயர்நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. எலியைப் பிடிக்க வீட்டுக்கே பூட்டு!

2024 அக்டோபரில் நடுவண் உள்துறை 'சகயோக்' என்றொரு வாசலையும் திறந்தது. 69-ஏ பிரிவின் எழுத்துமூலக் காரணம், குழு ஆய்வு ஆகிய தடைகளைக்கூடத் தாண்டாமல், பல துறை அதிகாரிகளும் மாநிலக் காவல்துறையினரும் நிறுவனங்களுக்கு நேரே நீக்க அறிவிப்பு அனுப்பிட வழி அது. எக்ஸ் நிறுவனம் எதிர்த்துத் தொடுத்த வழக்கைக் கர்நாடக உயர்நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளிவிட்டது. முன்பு ஒரு கொட்டகைக்கு ஒரு நாற்காலி; இப்போது நாடெங்கும் நாற்காலிகள்!

டில்லியை ஏசியதும் கைதட்டிவிட்டுத் தாளை மடித்துவிடாதீர்கள், தோழரே. கசப்பான பகுதி இனிமேல்தான்.

69-ஏ பிரிவை இயற்றியது யார்? இன்றைய டில்லி ஆட்சியினர் அல்லர். 2008 டிசம்பரில், போதிய விவாதம் இன்றி, நாடாளுமன்றத்திலே நிறைவேறிற்று அந்தத் திருத்தம். காங்கிரசு தலைமையிலான அன்றைய அரசிலே தமிழ்நாட்டுக் கட்சிகளும் அமர்ந்திருந்தன. அதே திருத்தத்திலேதான் 66-ஏ பிரிவும் பிறந்தது. 'எரிச்சலூட்டும்' செய்தி அனுப்பினால் 3 ஆண்டு சிறை! 2012இல் பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை கடையடைத்தது ஏன் என்று முகநூலிலே கேட்டார் ஓர் இளம்பெண், அதை விரும்பியதாகக் குறியிட்டார் இன்னொரு பெண், இருவரும் கைது! 2015 மார்ச் 24 அன்று உச்சநீதிமன்றம் 66-ஏ பிரிவைக் குப்பையிலே எறிந்தது. 69-ஏ பிரிவு செல்லுமென்றது. வாளைத் தீட்டியவர்கள் ஒருவர், வீசுகிறவர்கள் இன்னொருவர். தீட்டும்போது நம்மவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தனர்.

கோட்டையின் கதையும் வேறல்ல. 1987இல், அதே விகடன், அட்டையிலே ஒரு நகைச்சுவைப் படம் வெளியிட்டதற்காக அதன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு 3 மாதச் சிறை விதித்தது நமது சட்டமன்றம்; நாடு நகைத்திடவே சில நாட்களில் விடுவித்தனர்; பின்னாளில் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு அளித்திடச் செய்தது. 2015இல் மதுக்கடைக்கு எதிராகப் பாடிய கோவன்மீது தேசத்துரோக வழக்கு. 2017இல் நெல்லை ஆட்சியர் அலுவலகத்திலே ஒரு குடும்பம் தீக்குளித்ததைச் சித்திரமாக்கி முகநூலில் இட்ட கார்ட்டூனிஸ்ட் பாலா கைது. 2023இல் யூடியூப் பேட்டியிலே சொன்ன சொல்லுக்காக ஒரு பதிப்பாளர் கைது. அவர் சொன்ன சொல் எனக்கு ஒப்புதலில்லை. ஆயினும் கேட்கிறேன்: கோட்டையிலே பறந்த கொடிகள் மாறின, கைவிலங்கு மாறிற்றா? அவர்கள் ஆட்சியில் நடந்ததற்குக் கண்டனக் கூட்டம் போட்டுவிட்டு, நமக்கு வேண்டியவர் ஆட்சியில் நடந்ததற்குக் காரணம் கண்டுபிடித்தால், ஊர் நம்மை எப்படி நம்பும்?

இனி, கிளைச் செயலாளருக்கு என் பதில்.

அண்ணே! பொய்யனை ஆட விட வேண்டாம். ஆனால் அவனைப் பிடிப்பது வெளிச்சத்திலே நடக்கட்டும். ஒரு பதிவை நீக்கிட ஆணையிட்டால், காரணத்தை எழுதுக, எழுதியவனுக்கு அறிவித்திடுக, ஆணையை வெளியிடுக. கலவரம் மூளும் அவசர வேளையிலே முதலில் மறைத்துப் பிறகு கேட்டிடலாம். ஆனால் குறித்த நாட்களுக்குள் ஒரு நீதிபதியின் முன்னால் அந்த ஆணை நின்றாக வேண்டும். நிற்காவிடில் பதிவு தானே உயிர்த்தெழ வேண்டும். 2023இல் முறையீடுகளைக் கேட்டிட மூன்று குழுக்கள் அமைந்தன. உறுப்பினரை நியமித்திடுவது நடுவண் அரசு! அடித்தவரிடமே போய் அழச் சொல்வதா? ஆட்சியின் நிழல் படாத நடுவர் மன்றம் வேண்டும்.

முதலாளிக்கும் கடிவாளம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றி 2024 பிப்ரவரி முதல் முழுமையாக நடைமுறைப்படுத்திய சட்டம், பதிவை நீக்கினால் காரணம் கூறிடவும், முறையீட்டுக்கு வழி செய்திடவும், தம் தளத்தால் விளையும் கேடுகளை ஆய்ந்து அறிக்கை தந்திடவும் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. மீறும் பெருநிறுவனங்களுக்கு உலக வருவாயில் 6 விழுக்காடு வரை தண்டம். குறையற்ற சட்டமென்று கூறேன். எனினும் அது முதலாளியைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது. அப்படியொரு சட்டத்திலே நாம் இன்னும் ஒன்று சேர்த்திடுவோம்: தமிழ்ப் பதிவைச் சலித்திடத் தமிழறிந்த ஆள் வேண்டும்! எள்ளலுக்கும் ஏச்சுக்கும் வேறுபாடு அறியாத இயந்திரம், ஒடுக்கப்பட்டவன் தன் மீது வீசப்பட்ட இழிசொல்லை எடுத்துக்காட்டி அழுதால், அழுதவனையே முடக்கிவிடும்.

பீகார்த் தொழிலாளர் பற்றிய பொய்யை வீழ்த்தியது எது, தோழரே? தமிழ்நாட்டுக் காவல்துறை ஒவ்வொரு படத்தின் கதையையும் வெளியிட்டது; பீகார் அதிகாரிகள் குழு நேரில் வந்து கண்டது; தொழிலாளரே வாய் திறந்து பேசினர். உண்மை ஓடியது, பொய்யை எட்டிப் பிடித்தது. பொய் பரப்பியோர்மீது போடப்பட்ட வழக்குக்குப் பெயர் உண்டு, எண் உண்டு, வழக்குரைஞர் உண்டு. அந்த வழி கடினம்தான். ஆயினும் அது நாளை நம் கழுத்துக்குக் கயிறாகாத வழி.

கடைசியாக, நமக்கே ஒரு சொல். மாற்றாரைப் பற்றிய செய்தி கைப்பேசியிலே வந்ததும், உண்மையா என்று பாராமல் பத்துக் குழுவுக்கு அனுப்பிடும் விரல் நம்மிடமும் உண்டு. மாற்றார் வீட்டுப் பெண்களை இழித்திடும் பதிவுக்குச் சிரிப்புப் படம் இடுவோர் நமது அணியிலும் உண்டு. நாம் பரப்பிடும் ஒவ்வொரு பொய்யும், "கட்டுப்பாடு தேவையன்றோ!" என்று கூறிடும் டில்லிக்கு நாமே எழுதித் தரும் சாட்சிப் பத்திரம். அதைக் கிழித்தெறிந்திட உயர்நீதிமன்றம் வேண்டாம். நம் விரல் போதும்.

கசக்கும் சொல்லைப் பொறுத்திடும் வேந்தனையே பண்புடைய வேந்தன் என்றார் வள்ளுவர். எந்தச் சட்டமானாலும் என் சோதனை ஒன்றுதான்: நாம் வெறுத்திடும் கட்சி ஆண்டாலும், இந்தச் சட்டம் அதன் கையிலே இருக்க அஞ்சாமல் உறங்கிட முடியுமா? முடியுமென்றால் நல்ல சட்டம். முடியாதென்றால், நம்மவர் கையிலும் அது இருத்தலாகாது.

முன்வரிசை நாற்காலியில் அமர்ந்தவரை 59 ஆண்டுகள் மாற்றி மாற்றிப் பார்த்தோம். மாற்ற வேண்டியது ஆளையன்று. நாற்காலியை அகற்றுவோம், நாமே அதிலே அமரும் வாய்ப்பு வந்தாலும் அகற்றுவோம்! அப்படி உறுதி கூறும் துணிவு நமக்கு உண்டென்றால், அந்தத் தேநீர்க் கடைக்கு மீண்டும் போவேன். காசு இம்முறை என்னுடையது.